நரையில் ஆரஞ்சுதான் பிடிக்கிறது, அவுரி ஏறவே இல்லை. எங்கே தப்பு?

திண்டுக்கல்_தையல்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 48 வயது, வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் இந்தத் தலைமுடிக்கு ஒரு வழி பண்ண வேண்டும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆறு வருஷமாகக் கடை டைதான் அடித்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம் டை அடித்த மறுநாள் காதோரம் நமநமவென்று அரித்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் நெற்றி வீங்கி, இரண்டு கண்ணையும் திறக்க முடியவில்லை. தோல் டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், டையில் இருக்கும் பிபிடி என்ற பொருள் எனக்கு ஆகாமல் போய்விட்டது, ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் ஆயுசுக்கும் ஆகாது, இனிமேல் தொடவே கூடாது என்று. கருப்பு மருதாணி என்று விற்கிற பொட்டலங்களிலும் அதே பொருள் இருக்கும், பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் வாங்காதீர்கள் என்றும் சொன்னார்.

அதிலிருந்து மருதாணிதான். அம்மா வீட்டுக் கொல்லையில் செடி இருக்கிறது. பச்சை இலையை அரைத்துப் போட்டேன். கருமுடியில் ஒன்றும் தெரியவில்லை. காதோரமும் வகிடும் மட்டும் பளீரென்று ஆரஞ்சு.

அவுரி சேர்த்தால் கருக்கும் என்றார்கள். கோவில்பட்டிக்குப் போன உறவுக்காரரிடம் சொல்லிவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் அவுரி இலைப் பொடி கால் கிலோ வாங்கி வரச் சொன்னேன். மருதாணிப் பொடி 100 கிராம், அவுரி 80 கிராம், எலுமிச்சம்பழம் 2, ஒரு டம்ளர் தேயிலை டிகாக்‌ஷன், எல்லாம் இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறியது. காலையில் சட்டியில் கன்னங்கரேல் என்று இருந்தது. சந்தோஷமாகத் தலையில் அப்பி நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். அலசினால் அதே ஆரஞ்சு. மூன்று ஞாயிற்றுக்கிழமை இதையே செய்து பார்த்துவிட்டேன். இப்போது முடி தேங்காய் நார் மாதிரி கிடக்கிறது. சீப்பு இறங்கவில்லை.

துணிக்கு நூல் பொருத்துவது என் தொழில். வாசல் வெளிச்சத்தில் ஒரு நிறம் ஒட்டவில்லை என்றால் எனக்கு நிம்மதி இருக்காது. மணவறையில் மகள் பக்கத்தில் இந்தத் தலையோடு நிற்க மனசு வரவில்லை. கன்னங்கரேல் என்று வேண்டாம், கரும் பழுப்பு வந்தால் போதும். வறண்ட முடிக்கு எந்த எண்ணெய், எப்போது வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.

அவுரிக்காடு:

அக்கா, நான் திண்டிவனம் பக்கம். எங்கள் நிலத்தில் அவுரி போடுகிறோம். பூ எடுக்கும் முன்னால் செடியை அறுத்து, களத்தில் காயவைத்து, அடித்து இலையைப் பிரித்து எடுப்போம். சின்ன வயதிலிருந்து பார்க்கிற செடி என்பதால் இது ஒன்றைப் பற்றித் தைரியமாகச் சொல்ல முடியும்.

உங்கள் அவுரி ராத்திரியே சட்டியில் செத்துவிட்டது. அவுரி இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. இன்டிகன் என்ற நிறமில்லாத சரக்காகத்தான் இருக்கிறது. இலையில் தண்ணீர் பட்டதும் அது உடைந்து, காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். அந்தக் காலத்தில் நீலக்கட்டி எடுக்கும்போது இலையைத் தொட்டியில் ஊறப்போட்டு, வடித்த தண்ணீரைப் போட்டு அடிப்பார்கள். காற்றுப் படுவதற்குத்தான் அந்த அடி. நீலம் திரண்டு அடியில் வண்டலாகப் படியும், பிறகு தண்ணீரில் கரையாது. நமக்கு அந்த மாற்றம் முடிக்குள் நடக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஊறினால் சட்டிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். திரண்ட நீலம் முடிக்குள் போகாது, மேலே அப்பிக்கொண்டு அலசும்போது போய்விடும். அவுரியில் எலுமிச்சையும் வேண்டாம், டிகாக்‌ஷனும் வேண்டாம். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தலைக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம், நீங்கள் கோவில்பட்டி என்று எழுதியதில் எனக்கு இன்னொரு சந்தேகம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அவுரி என்று சொன்னால் பல பேர் சென்னா இலையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பேதி மருந்துக்குப் போகிற இலை அது. அங்கே அதுவும் வயல் பயிர், வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் அதன் பெயரே அவுரிதான். நமக்கு வேண்டியது நீல அவுரி, நீலி என்றும் சொல்வார்கள்.

வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் குழைத்து வெள்ளைக் கிண்ணத்தில் வையுங்கள். நீல அவுரியாக இருந்தால் கால் மணி நேரத்தில் மேலே மயில்கழுத்து மாதிரி நீல மினுமினுப்பு படரும், வாசனையும் பச்சைப் பயறு வேகிற மாதிரி இருக்கும். சென்னாவாக இருந்தால் கடைசி வரைக்கும் வெறும் பச்சைக் களிதான். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அரப்புத்தூள்:

தங்கச்சி, நான் கோபிச்செட்டிபாளையம். 61 வயது. பதினொரு வருஷமாக மருதாணி, அவுரி தவிர தலையில் வேறு எதுவும் போட்டதில்லை. திண்டிவனத்துத் தம்பி சொன்னதெல்லாம் சரி. போடுகிற முறையை நான் சொல்கிறேன்.

முதலில் இரண்டையும் பிரியுங்கள். மருதாணிக்குப் புளிப்பும் நேரமும் வேண்டும், அவுரிக்கு இரண்டுமே ஆகாது. ஒரே சட்டியில் ஊறவைத்தால் ஒன்று கெட்டே தீரும். முழுக்க நரைத்த முடிக்கு இரண்டு தடவையாகப் போடுவதுதான் நிற்கும்.

தோள் வரை முடிக்கு மருதாணிப் பொடி 100 கிராம் போதும். சல்லடையில் சலித்த தூளாக வாங்குங்கள். கொல்லைச் செடியின் பச்சை இலை கைக்கு நல்லது, தலைக்கு அரைப்பதில் திப்பி நின்றுவிடுகிறது, அலசி மாளாது. நான் ராஜஸ்தான் சோஜத் ஊர்ப் பொடி வாங்குகிறேன். அந்த ஊர் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எலுமிச்சை பிழியாதீர்கள், உங்கள் முடி நாராகப் போனதற்கு ஆறு எலுமிச்சம்பழம் ஒரு காரணம். நெல்லிக்காய்ப் பொடி இரண்டு ஸ்பூன் போட்டால் புளிப்பும் கிடைக்கும், ஆரஞ்சும் கொஞ்சம் தணியும். பீங்கான் பாத்திரத்தில் ராத்திரி மூடி வையுங்கள். இரும்புச் சட்டி சாயத்தைக் கருப்பாகக் காட்டும், முடிக்கு அந்தக் கருப்பு வந்து நான் பார்த்ததில்லை.

காலையில் எண்ணெய் துளியும் இல்லாமல் தலை குளித்து, ஈரம் துவட்டிய முடியில் போடுங்கள். எண்ணெய் வைத்த முடியில் சாயம் இறங்காது. முதலில் காதோரம், நெற்றி, வகிடு. அந்த நரைதான் பிடிவாதமான நரை, அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். பிறகு மற்ற இடம். பூசியது காயக்கூடாது, காய்ந்தால் சாயம் இறங்குவது நின்றுவிடும், உரிக்கும்போது முடியும் அறுந்து வரும். பிளாஸ்டிக் உறையால் இறுக்கிக் கட்டி மூன்று மணி நேரம் இருங்கள். வெறும் தண்ணீரில் அலசுங்கள். இந்தக் கட்டத்தில் ஆரஞ்சாகத்தான் இருக்கும், அழாதீர்கள்.

அன்றைக்கே அவுரி. தம்பி சொன்ன மாதிரி உடனே குழைத்து உடனே பூச வேண்டும். 100 கிராமையும் ஒன்றாகக் குழைக்காமல் பாதிப் பாதியாகக் குழைத்தால் அவசரம் இருக்காது. கரும் பழுப்பு வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம், கருப்பு வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம். கையுறை போடுங்கள், நகம் ஊதாவாகிவிடும். மறுபடி தண்ணீரில் மட்டும் அலசுங்கள். அன்றைக்கு முடி ஒரு பச்சை சாயலில் தெரியும். பயப்பட வேண்டாம். காற்றுப் படப்பட இரண்டு நாளில் கருக்கும். அதுவரை சீயக்காய், அரப்பு, ஷாம்பு எதுவும் கூடாது.

மருதாணியை விட்டுவிட்டு அவுரி மட்டும் நரையில் போட்டால் நீலமும் பச்சையுமாகத்தான் வரும். மருதாணி அடியில் இருந்தால்தான் அது கருப்பாகத் தெரியும்.

எண்ணெய் பற்றிக் கேட்டாய். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதில் ஒன்றாவது வந்த நரையைக் கருக்க வைத்து நான் பார்க்கவில்லை. வேம்பாளம்பட்டை போட்டால் எண்ணெய்தான் சிவக்கும், முடி சிவக்காது. எண்ணெய் நாரை முடியாக்கும், அது போதும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் நல்லது. 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் இறங்குகிறது. சாயம் போட்ட மூன்றாம் நாள் ராத்திரி லேசாகச் சூடு காட்டி நுனி வரை தேய்த்து, காலையில் அரப்பில் குளி. எங்கள் ஊரில் அரப்பைச் சோறு வடித்த கஞ்சியில் கரைப்போம், நன்றாக வழுக்கிக் கொடுக்கும். வாரம் இரண்டு தடவை அப்படிச் செய், சீப்பு தானாக இறங்கும்.

குளிர்ச்சி ஆகாது என்றால் வெயில் ஏறிய பிறகு போடு. தலை பாரமாக இருந்தால் அன்றைக்கே இரண்டையும் போடாதே, அவுரியை மறுநாளுக்குத் தள்ளிவை.

கண்ணாடிமுன்:

பார்லரில் 14 வருஷமாக வேலை செய்கிறேன், ஒரு எச்சரிக்கை மட்டும். சில கலப்பட மருதாணிப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அந்த முடியில் பெராக்ஸைடு கலந்த கலரோ பிளீச்சோ பட்டால் முடி சூடேறிப் பொசுங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாண அவசரத்தில் யாராவது "ஆரஞ்சை எடுத்துவிடலாம் வாங்க" என்று கூப்பிட்டால் போகாதீர்கள் மேடம். பொட்டலத்தில் இலையின் பெயர் மட்டும் இருக்க வேண்டும்.

தலையில் போடும் முன்பு சீப்பில் வந்த நரைமுடியைச் சேர்த்து நூலால் கட்டி, அதில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஏற்கனவே அலர்ஜி வந்திருப்பதால் அவுரியையும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் கவனியுங்கள். வீட்டில் யாருக்காவது ஜி-6-பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மருதாணியே வேண்டாம். ரத்த அணுக்கள் உடைய வாய்ப்பு உண்டு.

திண்டுக்கல்_தையல்:

தம்பி, நீங்கள் சொன்னதுதான்! வெள்ளைக் கிண்ணத்தில் குழைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பச்சைக் களி, கொழகொழவென்று. நீலம் ஒரு சொட்டு இல்லை. மூன்று வாரம் பேதி இலையைத் தலையில் சுமந்திருக்கிறேன்.

வேறு இடத்தில் நீல அவுரி என்று தெளிவாகக் கேட்டு வாங்கி, முதலில் கிண்ணத்தில் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிஷம் மேலே நீலப் படலம் வந்தது. காதுக்குப் பின்னால் வைத்த இடம் இரண்டு நாளும் சும்மா இருந்தது. சீப்பு முடியை வெள்ளை நூலில் கட்டி, மருதாணி மூன்று மணி நேரம், அவுரி முக்கால் மணி நேரம். மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நூல் கண்டுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். வறுத்த காப்பிக்கொட்டை நிறக் கண்டோடு அப்படியே ஒட்டியது. கட்டிய வெள்ளை நூல் ஊதாவாகி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தலையில் போட்டுவிட்டேன். அன்று சாயந்திரம் கண்ணாடியில் பாசி படிந்த மாதிரி தெரிந்தது, வயிற்றைப் பிசைந்தது. அக்கா சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, காதோரம் எங்கே போச்சு?" என்று கையால் ஒதுக்கி ஒதுக்கித் தேடினாள். நெற்றி ஓரத்தில் மட்டும் நாலைந்து முடி செம்பு நிறத்தில் நிற்கிறது. புதன்கிழமை ராத்திரி எண்ணெய் வைத்து, வியாழக்கிழமை அரப்பு. சீப்பு பாதி தூரம் இறங்குகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு தடவை போட வேண்டுமா? எத்தனை நாள் முன்னால்? அவுரி 60 கிராம் மிச்சம் இருக்கிறது, கெட்டுப் போகுமா?

அரப்புத்தூள்:

முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆவணிக்குள் வகிடு வெளுத்துவிடும். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் வேருக்கு மட்டும் போடு. பச்சை சாயல் போகவும் நேரம் இருக்கும், ஒரு தடவை எண்ணெய் வைத்துக் குளிக்கவும் நேரம் இருக்கும். நெற்றி ஓரத்துச் செம்பு முடிக்கு அன்றைக்கு மருதாணியை ஒரு மணி நேரம் கூட வை.

அவுரிக்காடு:

காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள் அக்கா. ஈரக் கரண்டி வேண்டாம். கரைத்த மருதாணி மீந்தால் ஃப்ரீசரில் வைக்கலாம், கரைத்த அவுரியை வைக்க முடியாது, கொட்டிவிடுங்கள். போடுவதற்கு முன்னால் மறுபடி ஒரு ஸ்பூன் கிண்ணத்தில் பாருங்கள்.