நாய்க்கு எங்கே அரிக்கிறது? வேலூர்ப் பக்கத்து ஒவ்வாமை அனுபவங்கள்

காட்பாடி:
தீனியை நான்கு முறை மாற்றிய பிறகுதான் பலர் தெள்ளுப்பூச்சியைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியதே அதுதான். நாய் வாலடி, இடுப்பு, பின்தொடை என்று கடித்துக்கொண்டே இருந்தால், தெள்ளின் எச்சிலால் வரும் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணில் ஒரு பூச்சியும் படாமல் போகலாம். அரிப்பெடுத்த நாய் நக்கி விழுங்கிவிடும். வாலடியைத் தெள்ளுச் சீப்பால் சீவி, விழும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். கசியாவிட்டால் மண்.

"மருந்து போட்டும் நிற்கவில்லை" என்பதற்குக் காரணம் வீட்டில் இருக்கிறது. நாயின் மேல் இருப்பது வளர்ந்த பூச்சி. முட்டை, புழு, கூடு எல்லாம் சாக்கிலும் சோபா இடுக்கிலும். கூட்டுக்குள் மருந்து எளிதில் எட்டாது, வாரக்கணக்கில் கழித்தும் பூச்சி வெளியே வரும். அதனால் வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் சேர்த்து, குறைந்தது 3 மாதம் விடாமல் மருந்து வேண்டும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் முற்றத்துப் புழு காய்ந்து செத்துவிடும். கட்டிலடியிலும் மாடிப்படி அடியிலும் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

ராணிப்பேட்டை:
எல்லாத்துக்கும் மருந்துன்னதும் நாய்க்கு வாங்கின சொட்டு மருந்துல பாதியைப் பூனை முதுகுல விட்டுடாதீங்க. அதுல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருந்தா பூனை உடம்பால அதை உடைக்க முடியாது; நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். உண்ணிக்குப் போடுற அமிட்ராஸ் மருந்துக் குளியலும் பூனைக்கு ஆகாது. தவறிப் பட்டுட்டா பாத்திரம் கழுவுற திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவி, நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

பூனைக்குத் தெள்ளு ஒவ்வாமை வேற மாதிரி தெரியும். கழுத்து, முதுகுல கடுகு கடுகா பொருக்கு; பார்த்தா தெரியாது, தடவினாத்தான் தெரியும். வயித்து முடி சிரைச்ச மாதிரி இருந்தா பெரும்பாலும் அது நக்கியே எடுத்தது. முடி கொட்டுதுன்னு எண்ணெய் தடவாதீங்க, தடவினது அத்தனையும் வயித்துக்குள்ளதான் போகும்.

குடியாத்தம்:
தெள்ளு ஒழிந்தும் பாதம், அக்குள், காது அரித்தால் தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் சூழல் ஒவ்வாமை அல்லது தீனி ஒவ்வாமை. சூழல் வகை பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். லாப்ரடார், ஷிட்சு, ஃபிரெஞ்ச் புல்டாக் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார். காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிற இடத்தில் நடத்திவிட்டு வந்தால் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துவிடுங்கள். ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து நாறும்.

தீனிதான் காரணமா என்று பார்க்கும் சோதனை 8 வாரம். கோழியும் தயிர்சாதமும் தின்று வளர்ந்த நாய்க்கு அந்த இரண்டுமே சந்தேக நபர்கள். இதுவரை கொடுக்காத ஒரே கறி, உதாரணமாக முயல், கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வேறொன்றும் கூடாது. குட்டிக்கு டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். பால் பிஸ்கட், மெல்லும் தோல் எலும்பு, சுவை சேர்த்த பூச்சி மாத்திரை, இதில் எது நுழைந்தாலும் கணக்கு கெட்டுவிடும். தெள்ளு மருந்தை அந்த நாட்களில் சொட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி மீந்தால் நீங்களே தின்றுவிடுங்கள். வெங்காயம் எப்படியும் நாய்க்கு நஞ்சு. அரிப்பு அடங்கியதும் பழைய தீனியைத் திரும்பக் கொடுங்கள். பெரும்பாலும் 14 நாளுக்குள் அரிப்பு திரும்பும். திரும்பினால்தான் தீனி மேல் குற்றம். பூனை புதுத் தீனியைத் தொடாவிட்டால் பட்டினி போடாதீர்கள், இரண்டு மூன்று நாளிலேயே கல்லீரல் கெடும்.

ஆற்காடு:
ஷாம்பு பற்றி ஒன்று. குளோர்ஹெக்ஸிடின் 2 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம் கலந்தது பூஞ்சைக்கு நல்லது, வாரம் இருமுறை. நுரையோடு கடிகாரம் பார்த்து 10 நிமிடம் நிறுத்துங்கள். ஷாம்பு வேலை செய்யவில்லை என்கிற பலர் இரண்டே நிமிடத்தில் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள்.

வீட்டு மனிதர்களுக்கும் அரித்தால் ஒவ்வாமையை விட்டுவிட்டு சொறிப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். காது விளிம்பைத் தேய்க்கும்போது நாய் பின்னங்காலால் காற்றில் சொறிந்தால் சந்தேகம் வலுக்கும். ஸ்டீராய்டு ஊசிக்கு முன் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுரண்டலில் பூச்சி அகப்படாமலும் போகும், அப்போதும் சொறிக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம்தான்.