கார்கிலில் இருந்த அப்பா ராத்திரி தூங்குவதில்லை, எங்கே கூட்டிப் போவது?

கேள்வி: களக்காட்டுப் பையன்
அப்பா 1999-ல் கார்கிலில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊரில் விவசாயம் பார்க்கிறார். பகலில் யாரோடும் வம்பு தும்பு கிடையாது. ராத்திரிதான் பாடு. ரெண்டு மணிக்கு எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம் விடியும்வரை திண்ணையில்தான். சுடலைமாடன் கோயில் கொடையில் வேட்டு போட்டதும் வயலுக்குள் இறங்கிப் போனவர் மறுநாள்தான் வீடு திரும்பினார். கேன்டீன் ரம் இப்போது தினமும். டாக்டர் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். சொந்தக்காரர்கள் குறி கேட்கச் சொல்கிறார்கள்.

பதில்: பழைய சிப்பாய்
தம்பி, நான் 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவன். குறியெல்லாம் வேண்டாம். அங்கே உயிரைக் காப்பாற்றிய விழிப்பு ஊருக்கு வந்த பிறகும் அடங்கவில்லை, இதில் கோழைத்தனமும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஆனால் மனசு சரியில்லையா என்று கேட்டால் எங்களில் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். தூக்கத்துக்கு மருந்து வாங்கலாம் என்று கூப்பிடுங்க. மகன் சொல்லி நான் போகவில்லை, என் ரெஜிமென்ட்காரன் வந்து கூப்பிட்டுத்தான் போனேன். அப்பாவோடு இருந்தவர் யாராவது சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் இருப்பார், தேடிப் பிடியுங்க. ரெண்டு பேரும் இந்தியிலேயே பேசிக்கொள்ளட்டும், வீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளியே இருங்க.

பதில்: பாளை நர்ஸ்
அண்ணாச்சி சொன்னது சரி. முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டம் இ.சி.எச்.எஸ்., அதன் பாலிகிளினிக்கில் காட்டினால் மனநல மருத்துவருக்கு எழுதித் தருவார்கள். இல்லாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கே ஓ.பி. சீட்டு போடலாம். அவர் வரவே மாட்டேன் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், அதை நீங்களே கூப்பிட்டு எப்படிப் பேசுவது என்று கேளுங்க, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது, கூடவே பேச்சு சிகிச்சையும் வேண்டும். ரம் தூங்க வைக்கிற மாதிரி இருக்கும், பின்ராத்திரியில் அதுவே எழுப்பிவிடும். அதற்காகப் பாட்டிலை ஒரேயடியாக ஒளித்து வைக்காதீங்க, தினமும் குடிப்பவருக்குத் திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம், டாக்டர் சொல்கிறபடிதான் குறைக்கணும். சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்க, கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பதில்: அம்பை அக்கா
என் வீட்டுக்காரரும் பட்டாளம்தான் தம்பி. தூக்கத்தில் கத்தினால் தோளைப் பிடித்து உலுக்காதீங்க, அவருக்கே தெரியாமல் அடி விழும். லைட்டைப் போட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று, "நம்ம வீட்டிலதான் இருக்கீங்க" என்று மெதுவாகச் சொல்லணும். கொடைக்கு வேட்டு எந்நேரம் என்று கோயில்காரர்களிடம் கேட்டு முன்னாடியே அவரிடம் சொல்லிவிடுவேன், எதிர்பார்த்துக் கேட்கும்போது அவ்வளவு தூக்கிப் போடுவதில்லை. அம்மாவை யாராவது விசாரித்தீங்களா? இத்தனை வருஷமும் கூடவே முழித்திருப்பாங்க. அவங்களையும் டாக்டரிடம் காட்டுங்க, இ.சி.எச்.எஸ். அவங்களுக்கும் உண்டு.