போதகர்களுக்கு இவ்வளவு மரியாதை தேவைதானா?

கடைசிவரிசை:

எங்கள் சபைப் போதகர் ஊழியத்துக்கு வந்து இந்த வருடத்தோடு 25 ஆண்டுகள் ஆகின்றன. விழா எடுக்க ஒரு குழு போட்டு அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது, இதுவரை பேசியதெல்லாம் மேடை, வாழ்த்து மலர், யார் யார் பேசுவது, அவர் உள்ளே வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பதா வேண்டாமா, இவ்வளவுதான். மனிதர் மோசமானவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 30 வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கோ, இரவெல்லாம் கண் விழிக்கும் செவிலியருக்கோ இப்படி யாரும் எழுந்து நிற்பதில்லையே. முதன்மையான ஆசனங்களையும் சந்தைவெளியில் வணக்கங்களையும் விரும்புகிறவர்களைப் பற்றி இயேசு மத்தேயு 23-இல் அவ்வளவு கடுமையாகப் பேசுகிறார், ரபீ (யூத மதகுருவுக்கான மரியாதைப் பட்டம்) என்று அழைக்கப்படாதிருங்கள் என்றும் சொல்கிறார். நாமோ பெயருக்கு முன்னால் 'ரெவரெண்ட்' போடுகிறோம். அதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு அர்த்தமே மரியாதை செலுத்தப்பட வேண்டியவர் என்பதுதான்! குழுவில் இதைக் கேட்டால் பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவன் என்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். இந்த மரியாதைக்கு அவர்கள் தகுதியானவர்கள்தானா?

மாலைநடை:

எழுந்து நிற்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் நான் ஆறு வருடம் சபைச் செயலாளராக இருந்தவன், அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் போதகரின் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். திங்கள் ஒரு அடக்க ஆராதனை, செவ்வாய் இரண்டு மருத்துவமனை, புதன் வேதபாடம், வியாழன் இரவு பிரிந்துபோகப் போகிறோம் என்று வந்து உட்கார்ந்த ஒரு தம்பதி, மணி பன்னிரண்டு தாண்டியும் கிளம்பவில்லை. அவர்கள் சொன்னதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது, மனைவியிடம்கூட. அப்புறம் ஞாயிறு காலை சிரித்த முகத்தோடு பிரசங்க பீடத்தில் நிற்க வேண்டும், வாசலில் ஒருவர் கை கொடுத்துவிட்டு "இன்னிக்குச் செய்தி கொஞ்சம் நீளம் பாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

நன்றாய் விசாரணை செய்கிற (அதாவது சபையை நடத்துகிற) மூப்பர்களை இரட்டிப்பான கனத்துக்கு, அதாவது மரியாதைக்குப் பாத்திரராக எண்ண வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:17 சொல்கிறது. அடுத்த வசனமே களத்தில் கதிர் மிதித்துப் போரடிக்கிற மாட்டைப் பற்றியும் வேலையாளின் கூலியைப் பற்றியும்தான். ஆக அங்கே கனம் என்பதில் வயிற்றுப்பாடும் சேர்ந்தே இருக்கிறது. பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர்தான் (அப்போஸ்தலர் 18), ஆனால் அது அவராக விட்டுக்கொடுத்த உரிமை, சபை அவரிடமிருந்து பிடுங்கியது இல்லை. நான் பார்த்தவரை, மேடையில் தூக்கிவைத்துப் பேசுகிற அதே ஆட்கள்தான் சம்பளம் கூட்டச் சொன்னால் "ஊழியம்தானே" என்று இழுப்பார்கள். கைதட்டுக்குச் செலவு இல்லை பாருங்கள்.

கேள்விக்குறி:

1 தீமோத்தேயு 5-ஐ எடுத்தீர்கள், நல்லது, ஆனால் ஏன் எல்லாரும் 18-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள்? 19-இல் மூப்பன் மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று இருக்கிறது, 20-இல் பாவம் செய்கிறவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று இருக்கிறது. மூச்சுவிடாமல் தொடர்ந்து வருகிற வசனங்கள். போதகர் பாராட்டு நாளில் 17-ஐ எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், 20-ஐ ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

என் பழைய சபையில் கட்டட நிதிக்கு வாங்கிய காணிக்கைக்குக் கணக்குக் கேட்டேன். தனியாக, மரியாதையாகத்தான் கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கமே சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்". என் பக்கம் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை முழுசாகப் படித்தேன். நாடு இல்லாமல் கொஞ்சம் பேராக அலைந்த ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபு குடும்பத்தை ராஜாக்களிடமிருந்து கடவுள் காப்பாற்றியதைப் பற்றியது அந்த வசனம். கணக்குக் கேட்கிறவரிடமிருந்து போதகரைக் காப்பாற்ற எழுதியது இல்லை. பேதுருவையே பவுல் முகமுகமாக எதிர்த்ததாகக் கலாத்தியர் 2 சொல்கிறது, ராஜாவாக அபிஷேகம் பெற்ற தாவீது பாவம் செய்தபோது "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி நாத்தான் நேராகச் சொன்னார். இவர்கள் யாரையும் சபையை விட்டுத் துரத்தியதாகத் தெரியவில்லை, என்னைத் துரத்தினார்கள்.

மருத்துவர் தவறு செய்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. எந்தப் பெரிய திருச்சபை அமைப்பிலும் சேராத பல தனிச்சபைகளில் போதகருக்கு மேலே யாருமே கிடையாது, அறங்காவலர் என்று பார்த்தால் அவர் மனைவியும் மைத்துனரும். அந்த இடத்தில் போய் எழுந்தும் நிற்கச் சொன்னால் எப்படி?

போதகர்மகள்:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் எனக்கு இதில் வேறு ஒன்று உறுத்துகிறது. அப்பா 31 வருடம் ஊழியம் செய்து ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் ஐந்து பேர் பேசினார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆலயம் கட்டினார், அங்கத்தினர் எண்ணிக்கை கூடியது, மேடை அமைத்தார், ஒலிபெருக்கி வாங்கினார். அப்பா தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஞாபகசக்தி போய்விட்ட ஒரு பாட்டியை நான்கு வருடம் ஒவ்வொரு செவ்வாயும் போய்ப் பார்த்தார், அவர் ஒவ்வொரு முறையும் "நீங்க யாரு தம்பி" என்று கேட்பார், அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார். இதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை, ஏனென்றால் தெரிந்தவர்கள் யாரும் மேடையில் இல்லை.

கிடைத்த கேடயங்கள் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று அம்மாவுக்கே தெரியாது. அப்பா தன் வேதாகமத்துக்குள் ஒரே ஒரு கடிதம் வைத்திருக்கிறார். ஒரு அம்மா எழுதியது, மகன் சிறைக்குப் போனபோது நீங்கள் மட்டும்தான் வீட்டுக்கு வந்தீர்கள், புத்தி எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று.

சபையை நடத்துகிறவர்களை மதிக்கச் சொல்கிற 1 தெசலோனிக்கேயர் 5:13-இல் "அவர்களுடைய கிரியையினிமித்தம்", அதாவது அவர்கள் செய்யும் வேலைக்காக என்றுதான் இருக்கிறது, பதவியினிமித்தம் என்று இல்லை. அந்தக் கிரியையில் பாதி யார் கண்ணுக்கும் படாது, படவும் கூடாது. மரியாதை கூடுதலா குறைவா என்பதைவிட, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டடத்துக்குக் கைதட்டினால் அடுத்து வருகிறவரும் கட்டடம்தான் கட்டுவார்.

இன்னொன்று, விழா முடிந்த இரண்டாம் மாதம் சபை வீட்டைக் காலி செய்தோம். சொந்த வீடு கிடையாது. ஐந்து பேரில் ஒருவர் கூட எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

கேள்விக்குறி:

உங்கள் அப்பாவுக்கு நான் எழுந்து நிற்பேன். கணக்கும் கேட்பேன், தப்பாக நினைக்காதீர்கள்.

போதகர்மகள்:

கேளுங்கள். அவர் வருடா வருடம் கணக்கை ஆலய வாசலில் ஒட்டிவைத்தவர், யாரும் நின்று படிக்கவில்லை என்பதுதான் அவருக்கு வருத்தம்.

கடைசிவரிசை:

எல்லாருக்கும் நன்றி. போதகர்மகள் எழுதியதைப் படித்த பிறகு, குழுவில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். நேரே போதகரிடமே போய், ஐயா உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இரண்டு ஞாயிறு விடுப்பு கொடுப்பார்களா தம்பி? கடைசியாக எப்போது எடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை" என்றார்.

நேற்று கூட்டத்தில் சொன்னேன். மேடைக்கு ஐந்து நிமிடத்தில் சம்மதித்தவர்கள் விடுப்புக்கு ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள், அந்த இரண்டு ஞாயிறும் யார் பிரசங்கம் செய்வது என்று. இன்னும் முடிவாகவில்லை. என் பெயரையும் சொன்னார்கள், நான் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிட்டேன்.