1780 மரியா தெரசா தாலர்: எடை கூடுதல், மேலே பச்சைப் பிசுக்கு. உதவி வேண்டும்

மஸ்கட்வாசி:
வணக்கம். மஸ்கட்டின் மத்ரா சூக் சந்தையில் பழைய வெள்ளி நகை விற்கும் கடையில் இந்தத் தாலரை, அதாவது ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் வெள்ளிக் காசை, வாங்கி ஏழு மாதம் ஆகிறது. ஒரு பக்கம் முக்காடிட்ட அரசி, மறுபக்கம் இருதலைக் கழுகு, வருடம் 1780. எடை 28.07 கிராம் இருக்க வேண்டும் என்று படித்தேன், என் தராசு 28.30 காட்டுகிறது. போலி என்றால் குறையத்தானே செய்யும்? இன்னொன்று, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். நேற்று எடுத்தால் அரசியின் கழுத்தோரம் பச்சையாகப் பிசுபிசுக்கிறது. விபூதி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார் அம்மா. கிட்டத்தட்ட 250 வருடக் காசு, கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

காசுப்பெட்டி:
தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது, காசுக்கு எமன். மேற்பரப்பில் விழும் மெல்லிய கீறல்கள் திரும்பப் போகாது. பச்சை வந்தது உறையின் பிவிசியால். அது மெல்லச் சிதைந்து வெளிவிடும் அமிலம் காசில் கலந்திருக்கும் செம்பைத் தின்கிறது. சுத்தமான அசிட்டோன் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கி கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. எடுத்துத் துடைக்காமல் காயவிடுங்கள். அந்த உறையைத் தூக்கி எறிந்துவிடுங்கள், மற்ற காசுகளுக்கும் பரவும்.

பத்தர்மகன்:
எடைக்கு வருகிறேன். காசின் மேல் விளிம்பைப் பாருங்கள், அரசியின் தலைக்கு நேர் மேலே. வளையம் பற்றவைத்த தடம் இருக்கிறதா? ஓமன், ஏமன் பக்கம் இந்தத் தாலரைக் கழுத்தணியில் கோப்பார்கள். வளையத்தை அறுத்தாலும் பற்றாசு கொஞ்சம் ஒட்டி நிற்கும். கால் கிராம் அதற்கே போதும்.

மஸ்கட்வாசி:
இருக்கிறது! மேலே சின்ன மேடு. விளிம்பு எழுத்தும் அந்த இடத்தில் மறைந்திருக்கிறது. இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் அசல்தானா?

பத்தர்மகன்:
அதை நீரில் நிறுத்துப் பார்த்துச் சொல்லலாம். தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுசாக முக்கிப் பிடியுங்கள். காட்டும் எண்ணால் 28.30-ஐ வகுங்கள். தாலரில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு. அந்தக் கலவையின் அடர்த்தி 10.2 பக்கம் வர வேண்டும்.

மஸ்கட்வாசி:
மூன்று தடவை பார்த்தேன். 2.78, 2.79, 2.78.

பத்தர்மகன்:
10.18 வருகிறது. உலோகம் சரி.

காசுப்பெட்டி:
நல்ல வெள்ளி, சந்தோஷம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1780 என்று இருப்பதால் அந்த வருடம் அடித்தது என்று அர்த்தமில்லை. மரியா தெரசா 1780 நவம்பரில் இறந்தார். செங்கடலின் இரு கரையிலும் வணிகர்கள் அந்த முகத்தை மட்டுமே நம்பியதால், அதே வருடத்தோடு அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் இன்றைக்கும் அடிக்கிறார்கள். 1935-ல் எத்தியோப்பியா மேல் படையெடுத்த இத்தாலி அச்சுகளை வாங்கி ரோமில் அடித்தது. அடுத்து லண்டன் அடித்தது. 1940களின் தொடக்கத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலேயே அடித்திருக்கிறார்கள். மார்புக்குக் கீழே உள்ள எஸ்.எஃப். என்பது ஜெர்மனியின் குன்ஸ்பர்க் ஊர் நாணயச்சாலை அதிகாரிகள் இருவரின் முதலெழுத்து, ஆனால் மறு அச்சுகளிலும் அது அப்படியே இருக்கும். எந்த ஊரில் அடித்தது என்பதைக் கழுகின் வால் இறகு, தோள் ஊசியின் முத்துகள், எழுத்துகளுக்கு நடுவிலுள்ள புள்ளிகள் இவற்றை வைத்துத்தான் பிரிப்பார்கள். தெளிவான படம் போடுங்கள். முதல் வருடக் காசு கிடைப்பது அரிது, அந்த எதிர்பார்ப்போடு விலை பேசாதீர்கள்.

மஸ்கட்வாசி:
மனசு கொஞ்சம் இறங்கியது உண்மை. ஆனால் யாரோ ஒரு பெண் கழுத்தில் கிடந்த காசு என்று தெரிந்ததும் இன்னும் பிடித்துப்போனது. அசிட்டோனில் போட்டேன், பச்சை கரைந்துவிட்டது, கழுத்தோரம் லேசான குழி மட்டும் நிற்கிறது. அந்தப் பற்றாசு மேட்டை அரம் போட்டு எடுக்கலாமா?

பத்தர்மகன்:
வேண்டாம். அரம் எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். "நீதியும் கருணையும்" என்று லத்தீனில் விளிம்பைச் சுற்றி ஓடுகிற வரி அது. மிச்சமிருப்பது அப்படியே இருக்கட்டும்.