கல்லூரி நாடகக் குழுவோடு லண்டன், 6 இரவு: எதை எந்த நாளில் வைப்பது?

மேடைவிளக்கு:
வணக்கம். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியின் நாடகக் குழு. 14 மாணவர்கள், எல்லாரும் 18 தாண்டியவர்கள். கூட 2 ஆசிரியர்கள். ஜூன் நடுவில் லண்டனில் 6 இரவு. ஊர் சுற்றுவதைவிட நாடகம் பார்ப்பதுதான் நோக்கம்: மொத்தம் 4, அதில் ஒன்று ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப் போலக் கட்டிய குளோப்பில். அங்குள்ள ஒரு கல்லூரியில் 20 நிமிடத் தெருக்கூத்துப் பகுதி ஒன்றை இலவசமாகச் செய்துகாட்டவும் அழைப்பு இருக்கிறது. விமானம் மதியம் 1 மணிக்கு இறங்குகிறது. அன்று மாலையே ஒரு நாடகம் வைக்கலாமா? லெஸ்டர் ஸ்கொயரில் நாடக டிக்கெட்டைத் தள்ளுபடியில் விற்கும் கவுன்டரை நம்பி 16 பேர் போகலாமா? கூத்துச் சாமான் கொண்டுபோவதில் எங்கே சிக்கும்?

தேம்ஸ்கரை:
முதல் நாள் மாலை வேண்டவே வேண்டாம். ஜூனில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே 7:30க்குத் திரை விலகும்போது பிள்ளைகளின் உடம்புக்கு நள்ளிரவு 12. விமானத்தில் அரைகுறையாகத் தூங்கியவர்களை இருட்டு அரங்கில் மெத்தை இருக்கையில் உட்காரவைத்தால் இடைவேளைக்குள் பாதிப்பேர் சாய்ந்துவிடுவார்கள். விமானம் தாமதமானால் டிக்கெட்டும் போச்சு. தாமதமாக வருபவர்களை நாடகத்தில் தோதான ஓர் இடம் வரும்வரை, சில சமயம் இடைவேளைவரை, வெளியே நிறுத்திவிடுவார்கள். பெரிய பெட்டிகளையும் பெரும்பாலான அரங்குகள் வாங்கி வைப்பதில்லை.

முதல் நாடகத்தை இரண்டாம் நாள் பகல் காட்சியாக வையுங்கள். 2:30 என்பது நம் கணக்கில் இரவு 7. கூத்துப் பிள்ளைகளுக்கு அது முழிப்பான நேரம். பகல் காட்சி அதிகமும் புதன், வியாழன், சனியில்தான். அதனால் செவ்வாய் போய் இறங்குவது நல்லது. முதல் நாள் மாலை தேம்ஸின் தென்கரையில் நடக்க விடுங்கள். 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், வெளிச்சத்தில் நடந்தால்தான் உடம்பு அந்த ஊர் நேரத்துக்கு மாறும்.

லெஸ்டர் ஸ்கொயர் கவுன்டர் இரண்டு பேருக்குச் சரி. 16 பேருக்கு அங்கே ஒரே காட்சியில் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது கடினம். 10 பேருக்கு மேல் போனால் பல அரங்குகளில் குழுக் கட்டணம் உண்டு, அதுவும் பெரும்பாலும் வார நாட்களில். நேரடியாக அரங்கின் குழுப் பதிவுக்கே எழுதிக் கேளுங்கள். மலிவு இருக்கையில் ‘பார்வை மறைப்பு’ என்று போட்டிருந்தால் எது மறைக்கிறது, தூணா கைப்பிடிக் கம்பியா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கம்பி என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சமாளிக்கலாம். தூண் என்றால் பாதி மேடை போய்விடும்.

மேடைவிளக்கு:
நன்றி. குளோப்பில் உட்கார்ந்து பார்ப்பதா, நின்றா? மழை வந்தால்?

தேம்ஸ்கரை:
நின்றுதான். இதில் எனக்கு இரண்டு யோசனையே கிடையாது. இப்போதைய குளோப் 1997இல் திறந்தது, பழைய அரங்கு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. நடுமுற்றத்தில் 700 பேர் நிற்கலாம், மேலே கூரை இல்லை. டிக்கெட்டிலேயே அதுதான் மலிவு. மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்க்கும் இடம் முந்தி வருபவர்களுக்கே. கதவு திறக்கும் முன்பே வரிசையில் நில்லுங்கள். நடிகர் மேல் விழும் அதே வெளிச்சம் பார்ப்பவர் மேலும் விழுகிறது. நடிகர் உங்கள் மாணவர் கண்ணைப் பார்த்தே வசனம் பேசுவார். மூன்று பக்கமும் சனம் சூழ்ந்த கூத்துக் களரியில் கட்டியங்காரன், அதாவது கதையை நடத்திச் சிரிக்கவைக்கும் கோமாளி, எப்படிப் பேசுகிறானோ அதே உறவு. பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

குடைக்கு அனுமதியில்லை, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு ஆளுக்கொன்று. நாடகம் நடக்கும்போது முற்றத்தில் தரையில் உட்காரவும் விடமாட்டார்கள், ஆகவே அன்று பகலில் நடையைக் குறையுங்கள். முட்டிவலி உள்ள ஆசிரியருக்கு மட்டும் இருக்கை போடுங்கள், பக்கவாட்டு மாடத்தைத் தவிர்த்து. அங்கிருந்து பார்த்தால் மேடையின் இரண்டு பெரிய தூண்கள் குறுக்கே வரும்.

அரிதாரம்:
சாமான் பற்றி. கிரீடம், புஜக்கட்டை (தோளில் கட்டும் மர அணி) இரண்டிலும் உடைவது மரமல்ல, கண்ணாடித் துண்டும் ஒட்டிய விளிம்பும்தான். ஒவ்வொன்றையும் பழைய வேட்டியில் சுற்றி, கண்ணாடி முகம் உள்நோக்கி இருக்க, கெட்டிப் பெட்டியில் நடுவில் வையுங்கள். மயிலிறகு வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள், இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்கே தடை. மரவாள் உட்பட எல்லா ஆயுதமும் செக்-இன் பெட்டியில். அரிதாரப் பொடியைப் பெயரெழுதாத பொட்டலமாகக் கையில் கொண்டுபோனால் சோதனையில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஆங்கிலத்தில் பெயர் ஒட்டி அதையும் செக்-இன்னில் போடுங்கள். மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் எளிதில் தீப்பிடிப்பது, எந்தப் பெட்டியிலும் கூடாது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். பவர் பேங்க் செக்-இன்னில் கூடாது, கைப்பையில் மட்டும்.

எல்லாம் திரும்பி வரவேண்டிய பொருள் என்பதால் படத்தோடு பட்டியல் எடுத்துப் பெட்டிக்கொரு பிரதி வையுங்கள். மதிப்பு அதிகமென்றால் ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு வழங்கும் ஏடிஏ கார்னே (சுங்கவரி இல்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் ஆவணம்) எடுப்பது பாதுகாப்பு.

பால்கோவா, நெய் கட்டிக்கொடுக்காதீர்கள் என்று வீடுகளில் சொல்லிவிடுங்கள். பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் போகாது. பருப்புப்பொடி போதும். இட்லி தோசைக்கு ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் நம் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

விசா விண்ணப்பத்தில் செய்துகாட்டல் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள், ஊதியம் இல்லை என்பதையும் சேர்த்து. அழைப்புக் கடிதத்திலும் அதே வாசகம் இருக்கட்டும். பயணத்துக்கு 3 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம்வரை தள்ளாதீர்கள்.

வழிப்போக்கன்:
லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணம் கார்டைத் தட்டித்தான். ஒரு கார்டைத் தட்டி இரண்டு பேர் போக முடியாது, 16 பேருக்கும் 16 கார்டு வேண்டும். நம் வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் ஊரிலேயே திறந்துவிட்டுக் கிளம்பணும். அது முடியாதவர்களுக்கு ஆயிஸ்டர் கார்டு, முன்பணம் போட்டுத் தட்டும் லண்டன் பயணக் கார்டு. சுரங்க ரயிலில் கார்டைத் தட்டி உள்ளே போய், அதே கார்டு பதிந்த போனைத் தட்டி வெளியே வந்தால் இரண்டு முடியாத பயணங்களாக எடுத்து இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடித்துவிடும். பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் மறு கட்டணம் இல்லை. நாடகம் விட்டதும் கூட்டமாக ரயில் நிலையத்துக்கு ஓடுவதைவிட பஸ் நிதானம். தங்குமிடம் பார்க்கும்போதே தென்கரையிலிருந்து நேர் பஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.