மேடை ஓரத்திலிருந்து பார்த்த ஒரு நடனக்காரர்

பார்த்த நடன நிகழ்ச்சிகளைப் பற்றி இங்கே எழுதிய எல்லோரும் அரங்கில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், நான் பார்த்தது மேடை ஓரத்திலிருந்து. பரதம் ஆடும் ஒருவருக்குச் சில காலம் பாடப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

வெளியூர் நிகழ்ச்சி என்றால் ஆடுவது ஒன்றரை மணி நேரம், மிச்சப் பொழுதெல்லாம் காத்திருப்பதுதான். லைட் செட்டிங் முடியாது, மைக்காரர் வந்திருக்கமாட்டார். இவர் வந்ததும் வெறுங்காலோடு மேடை முழுக்க நடந்து, அங்கங்கே தட்டிப் பார்ப்பார். விரிப்புக்கு அடியில் வெறும் சிமென்ட் என்று தெரிந்தால் அன்றைக்குத் தீர்மானங்களில், அதாவது ஜதிகளை முடிக்கும் வேகமான அடவுக் கோவைகளில், அடி கொஞ்சம் அடங்கித்தான் விழும். அப்புறம் பாதி மேக்கப்போடு மூலையில் உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்துவிடுவார். தத்துவமெல்லாம் இல்லை. முழுமண்டியிலிருந்து, அதாவது முழுசாகக் குந்திய நிலையிலிருந்து, எழும்போது எந்த முட்டி பிடித்தது, அபிநயத்துக்கான பாட்டான பதத்தில் கை போவதற்கு முன்னால் பார்வை போனால் என்ன ஆகிறது, இப்படித்தான். பின்னால் அந்தக் குறிப்புகளே கட்டுரைகளாகி, புத்தகமாகவும் வந்தன. 'கண்ணனாகவே மாறினார்' என்று எழுதும் விமர்சனங்களைப் படித்துச் சலித்துப்போன எனக்கு அது பெரிய ஆறுதல்.

இவரைப் போலவே ஆடவும் எழுதவும் செய்த ராகினி தேவி பற்றி எனக்கு முதலில் சொன்னதும் இவர்தான், ராத்திரி வேனில், மிருதங்கக்காரர் குறட்டைக்கு நடுவே. ராகினி தேவி அமெரிக்காவில் எஸ்தர் ஷெர்மனாகப் பிறந்தவர், 1928-ல் 'நிருத்தாஞ்சலி' என்று இந்திய நடனம் பற்றி நியூயார்க்கில் புத்தகம் போட்டபோது இந்தியாவுக்கு வந்ததே இல்லையாம்! 1930-ல்தான் வந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் சதிர் (பரதத்தின் பழைய பெயர்), கேரள கலாமண்டலத்தில் கதகளி, அப்புறம் கதகளிக் கலைஞர் கோபிநாத்தோடு ஊர் ஊராக ஆட்டம். 'டான்ஸ் டயலெக்ட்ஸ் ஆஃப் இந்தியா' வெளிவந்தது 1972-ல். முதல் புத்தகத்துக்கும் இதற்கும் நடுவே நாற்பது வருஷத்துக்கு மேல் கற்றதும் ஆடியதும் அலைந்ததும் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிது. முதலாவதை ஆசையில் எழுதினார் என்றே நினைக்கிறேன், அதுவும் தப்பில்லை.

ஆடுகிறவர் எழுதத் தொடங்கினால் 'ஆட்டம் குறைந்துவிட்டதோ?' என்று கேட்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். இவரிடமும் கேட்டார்கள். 'வர்ணத்துக்கு அப்புறம் வந்து கேளுங்கள்' என்று, கச்சேரியிலேயே நீளமான, கடினமான உருப்படியைச் சொல்லிவிட்டுச் சலங்கை கட்டப் போய்விட்டார்.

ராகினி தேவியின் மகள் இந்திராணி ரஹ்மான் ஆடி நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், கேட்க ஆசை.