மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திடும் மேலாளர் கோச் ஆக முடியுமா?

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
கோலாலம்பூரில் மேலாளர்களுக்குக் கோச்சிங் வகுப்பு நடத்தும் அன்பர் ஒருவர், இரண்டு நாள் பயிற்சி பெற்ற எந்த மேலாளரும் தம் கீழ் வேலை செய்பவர்களுக்கு நல்ல கோச் ஆகிவிடலாம், அதாவது உத்தரவு போடாமல் கேள்வி கேட்டே அவர்களைத் தாமே வழி காண வைப்பவர் ஆகிவிடலாம் என்று நேற்று இங்கே எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. ஆண்டு முடிவில் என் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டு, என் போனஸையும் சம்பள உயர்வையும் முடிவு செய்கிறவரிடம், எனக்கு இந்த வேலையில் இன்ன இடத்தில் தடுமாற்றம் இருக்கிறது என்று நான் எந்தத் தைரியத்தில் வாய் திறப்பேன்? கேள்வி கேட்கும் கலையை அவருக்கு எத்தனை நாள் கற்பித்தாலும் கையெழுத்து அவருடையதாகவே இருக்கிறது. இதற்கு மட்டும் அந்த அன்பர் பதில் சொல்லட்டும்.

பங்சார் பயிற்றுநர்:
நீங்கள் குறிப்பிடும் அன்பர் நான்தான், ஐயா. ஜான் விட்மோரும் அவருடைய தோழர்களும் 1980களில் பிரிட்டனில் வகுத்த குரோ முறையைத்தான் நாங்கள் கற்பிக்கிறோம். இலக்கு என்ன, இன்றைய நிலை என்ன, என்னென்ன வழிகள் உள்ளன, எதைச் செய்ய உறுதி கொள்கிறாய் என்ற வரிசையில் மேலாளர் கேட்கப் பழகுகிறார். கூகுள் நிறுவனம் 2008-இல் தொடங்கிய ஆய்வில், சிறந்த மேலாளர்களின் பண்புகளில் முதலிடத்தில் வந்தது அவர்கள் நல்ல கோச்சாக இருப்பதுதான். அந்த மேலாளர்களும் தங்கள் ஊழியர்களை மதிப்பிடுகிறவர்களே. உத்தரவு மட்டும் போடுகிற மேலாளர்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் அது உங்கள் விருப்பம்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
உத்தரவு வேண்டும் என்று நான் எங்கே எழுதினேன்? கையெழுத்தைப் பற்றிக் கேட்டால் கூகுளைக் காட்டுகிறீர்கள். நீங்கள் பெருமையாகச் சொல்லும் இந்த முறையின் வேர் டென்னிஸ் களத்தில் இருக்கிறது. திமோத்தி கால்வே 1974-இல் எழுதியது டென்னிஸ் ஆட்டக்காரரின் மனத்தைப் பற்றித்தான். டென்னிஸ் ஆட்டக்காரர் தம் கோச்சுக்குத் தாமே கூலி கொடுக்கிறார். பிடிக்கவில்லை என்றால் அவரை நீக்கிவிடுகிறார். பினாங்கில் எந்தத் தொழிற்சாலையில் ஊழியர் தம் மேலாளரை நீக்கியிருக்கிறார்?

பங்சார் பயிற்றுநர்:
காற்பந்துப் பயிற்றுநரை மறந்துவிட்டீர்கள். யாரைக் களத்தில் இறக்குவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். ஆட்டக்காரரின் பிழைப்பே அவர் கையில் இருக்கிறது. அவரைக் கோச் இல்லை என்பீர்களா?

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
காற்பந்து ஆட்டக்காரர் எப்படி ஆடினார் என்பதை அரங்கம் நிறைந்த மக்கள் பார்க்கிறார்கள். பயிற்றுநர் அநியாயம் செய்தால் ஊரே கேட்கும். என் மதிப்பீடு கதவு மூடிய அறையில், எனக்கும் அவருக்கும் இடையில், அவர் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் எடுத்துக்காட்டு எனக்குத்தான் துணை நிற்கிறது.

செபெராங் பிறை மேற்பார்வையாளர்:
கையெழுத்தை ஒரு புறம் வையுங்கள். இரவு ஷிப்டில் இயந்திரம் நின்று, அடுத்த பிரிவு கைகட்டி நிற்கும்போது, வேலைக்குப் புதிதாக வந்த ஆப்பரேட்டரிடம் உன் முன்னால் என்னென்ன வழிகள் உள்ளன என்று நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. புதியவருக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், பழகியவரிடம் கேட்கலாம். ஆளின் முதிர்ச்சிக்கேற்ப மேலாளர் தம் முறையை மாற்ற வேண்டும் என்று மேலாண்மை அறிஞர்களான ஹெர்சியும் பிளாஞ்சர்டும் 1960களின் இறுதியிலேயே சொல்லிவிட்டார்கள். வகுப்பு முடிந்து திரும்பிய எங்கள் மேலாளர், எல்லாவற்றுக்கும் கேள்வியையே பதிலாகத் தந்து எங்களைச் சோர்வடையச் செய்துவிட்டார்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
தம்பி, நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அது வேறு பேச்சு. இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் படிவத்தில் கையெழுத்திடுவது யார் என்பதுதான் இங்கே கேள்வி.

செபெராங் பிறை மேற்பார்வையாளர்:
வேறு பேச்சு இல்லை, அண்ணன். உங்களுக்குக் கையெழுத்து எப்படியோ, எனக்கு உற்பத்தி அப்படி. உங்கள் ஒரே கேள்விக்காக மற்றவர்கள் வாய் மூடியிருக்க வேண்டுமா?

ஜெலுத்தோங் வாசகர்:
முழுநேரக் கோச்சாகத் தொழில் செய்வது ஒன்று, மேலாளர் தம் அன்றாட உரையாடலில் கோச்சிங் திறனைப் பயன்படுத்துவது வேறொன்று. எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே.

பிரிக்பீல்ட்ஸ் மனிதவளம்:
பல நிறுவனங்களில் மனிதவளப் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் அவர்களுடைய மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை, ஊழியர் பயிற்சிக்கான கட்டாயக் கட்டணமான மனிதவள மேம்பாட்டு லெவியாகச் செலுத்துகிறார்கள். 2001ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தப் பணத்தில் மேலாளருக்குப் பயிற்சி கிடைத்து, அவர் கத்துவதை விட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டால் தொழிலாளருக்குத்தான் நன்மை. ஐயா எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறார்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
சந்தேகத்திற்குக் காரணம் இருக்கிறது, அம்மா. திறமைக் குறைவுக்காக ஒருவரை நீக்கும் முதலாளி, குறையை எடுத்துச் சொல்லி எச்சரித்ததையும் திருந்த வாய்ப்புக் கொடுத்ததையும் தொழில்துறை நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும். என்னுடன் வேலை செய்த ஒருவரை அவருடைய மேலாளர் வாரந்தோறும் அழைத்து, மனம்விட்டுப் பேசு, இது கோச்சிங் என்றார். அவரும் நம்பி, எந்தக் கணக்கில் தாம் திணறுகிறோம், வீட்டுக் கவலையால் கவனம் எங்கே சிதறுகிறது என்பதையெல்லாம் சொன்னார். பிற்பாடு அந்தப் பேச்சின் குறிப்புகள் அத்தனையும், வாய்ப்புக் கொடுத்ததற்கான சான்றாகவும் தம் குறையை அவரே ஒப்புக்கொண்டதற்கான சான்றாகவும் கோப்பில் ஏறியிருந்தன. அடியில் அதே மேலாளரின் கையெழுத்து. 1967ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்ட அந்தத் தோழருக்கு 60 நாளுக்குள் முறையிட உரிமை இருந்தது. ஆனால் தாமே சொன்ன சொற்களைத் தமக்கு எதிராகப் படித்த பிறகு அவருக்குப் போராட மனமில்லை. இப்போது சொல்லுங்கள், அவர் வாயைத் திறக்க வைத்தது கோச்சிங்கா, விசாரணையா?

பிரிக்பீல்ட்ஸ் மனிதவளம்:
அது அந்த மேலாளரின் தவறு. அதைக் கோச்சிங்கின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கோச்சிங் குறிப்பை மதிப்பீட்டுக் கோப்பிலிருந்து பிரித்து வைக்கும்படி நான் எப்போதும் வலியுறுத்தியிருக்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
கோப்பைப் பிரிக்கலாம். கேட்டவரின் நினைவைப் பிரிக்க முடியுமா? ஜூன் மாதம் என் பலவீனத்தைக் கேட்டவர் டிசம்பரில் மதிப்பெண் போடும்போது அதை மறந்திருப்பாரா?

பங்சார் பயிற்றுநர்:
ஒரு கெட்ட மேலாளரை வைத்து ஒரு துறையையே பழிப்பது முறையல்ல. 1995-இல் நிறுவப்பட்ட பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பு இரகசியம் காப்பதை நெறியாகவே வைத்திருக்கிறது. அதன் இரண்டாம் நிலைச் சான்றிதழுக்கு 125 மணி நேரக் கல்வியும் 500 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அந்தச் சான்றிதழைப் பெற்ற பின்தான் நான் பேசுகிறேன். தொழிற்சாலை வாயிலில் நின்று பேசுகிறவர்களுக்கு இந்த உழைப்பு தெரியாது.

செபெராங் பிறை மேற்பார்வையாளர்:
உங்களுக்கு 125 மணி நேரம் தேவைப்பட்டது. எங்கள் மேலாளருக்கு மட்டும் இரண்டு நாள் போதும் என்று எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

பங்சார் பயிற்றுநர்:
நான் தொழில்முறைக் கோச். அவர் மேலாளர். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

ஜெலுத்தோங் வாசகர்:
இதைத்தான் நான் முன்பே எழுதினேன்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
நேற்று எந்த மேலாளரும் கோச் ஆகலாம் என்றவர், இன்று ஒப்பிடக் கூடாது என்கிறார். தொழிற்சாலை வாயிலில் நிற்பவன் என்று என்னைச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்த காலத்திலிருந்து அந்த வாயிலில் நுழைந்தவர்களின் உழைப்பால்தான் பினாங்கு வளர்ந்தது.

பங்சார் பயிற்றுநர்:
பினாங்குக்காரர்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து எது வந்தாலும் ஆகாது.

செபெராங் பிறை மேற்பார்வையாளர்:
இதில் பினாங்கு எங்கே வந்தது? எங்கள் கேள்விக்குப் பதில் இல்லாததால் ஊரை இழுக்கிறீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மனிதவளம்:
மேலாளர் கேட்கவே கூடாது என்றால் பிறகு என்னதான் செய்ய வேண்டும் என்பதை ஐயா ஒரு முறையாவது எழுதட்டும்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
எழுதுகிறேன். மேலாளர் வேலையைப் பற்றிக் கேட்கட்டும், என்னைப் பற்றிக் கேட்க வேண்டாம். கோச் வேண்டும் என்றால் என் படிவத்தைத் தொடாத வேறு பிரிவின் மூத்தவர் ஒருவரை அமர்த்துங்கள். அவரிடம் நான் பேசுவேன். பயிற்றுநர் ஐயாவுக்கு ஒன்று: உங்கள் அடுத்த வகுப்பில் இருக்கும் மேலாளர்களிடம், உங்களில் யார் உங்கள் மேலதிகாரியிடம் உங்கள் உண்மையான பலவீனத்தைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எத்தனை கை உயர்ந்தது என்பதை இங்கே எழுதுங்கள்.

பங்சார் பயிற்றுநர்:
என் வகுப்பில் என்ன கேட்பது என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
கையெழுத்தைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.